தொண்டர் தேர்வும் பொதுக்குழுவின் தீர்ப்பும்

2024 மார்ச் மாதம் பாட்டாளி மக்கள் கட்சி தன் மக்களவை வேட்பாளர் பட்டியலை வெளியிட்டபோது, தருமபுரிக்கு நேரே இருந்த பெயர் அரசாங்கம். பட்டியல் வந்த சூடு ஆறுவதற்குள் அந்தப் பெயர் போய், சௌமியா அன்புமணிதான் வேட்பாளர் என்று மறு அறிவிப்பு வந்தது. எதிர் முகாமிலும் ஒரு மாற்றம் நடந்திருந்தது. 2019 தேர்தலில் அன்புமணி ராமதாஸை 70,753 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்த டாக்டர் செந்தில்குமாருக்கு தி.மு.க. மறுபடி சீட் கொடுக்கவில்லை. வழக்கறிஞர் ஆ.மணியை நிறுத்தியது. கடும் போட்டியில் மணி 21,300 வாக்குகள் கூடுதலாகப் பெற்று ஜெயித்தார்.

அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்குப்பதிவு நடந்த தொகுதி தருமபுரி. 81 சதவீதத்துக்கும் மேல். பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் வெயிலைப் பொருட்படுத்தாமல் வரிசையில் நின்ற இந்த மக்களிடம், அல்லது அவர்களில் கட்சி உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்களிடமாவது, ‘உங்கள் வேட்பாளர் யாராக இருக்க வேண்டும்?’ என்று எந்தக் கட்சியும் வாக்குப்பெட்டி வைத்துக் கேட்கவில்லை. அரசாங்கத்தின் பெயரைப் போட்டதும் தலைமைதான், எடுத்ததும் தலைமைதான். செந்தில்குமாருக்கும் மணிக்கும் இடையே முடிவெடுத்ததும் தி.மு.க. தலைமையகமான அறிவாலயம்தான்.

தேர்தல் நெருங்கும்போது தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் சுவர்களைப் பார்த்தால் இந்த ஏற்பாடு புரியும். முதலில் சுண்ணாம்பு அடித்து, மூலையில் கட்சியின் பெயரை எழுதி இடம் பிடிப்பார்கள். பிறகு சின்னம் வரைவார்கள். ‘வாக்களிப்பீர்’ என்ற வரியும் வந்துவிடும். நடுவில் ஒரு பட்டை மட்டும் வெள்ளையாகவே நிற்கும். அது வேட்பாளர் பெயருக்கான இடம். பெயிண்டருக்கும் தெரியாது, அவருக்குக் கூலி கொடுக்கும் கிளைச் செயலாளருக்கும் தெரியாது. சென்னையிலிருந்தோ, பா.ம.க. நிறுவனர் ராமதாஸின் தைலாபுரத்திலிருந்தோ தகவல் வந்தால்தான் அந்தப் பட்டை நிரம்பும்.

ஒரு கட்சியின் வேட்பாளரையோ தலைவரையோ முடிவு செய்யும் உரிமை அடிமட்ட உறுப்பினருக்கா, அவர்கள் பெயரால் கூடும் பிரதிநிதிகளுக்கா? இருவரும் வேறு வேறு ஆளைக் கைகாட்டினால் யார் சொல் நிற்க வேண்டும்? அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடக்கும் இந்தச் சண்டை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2022-23இல் அ.தி.மு.க. வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மாதக்கணக்கில் கேட்டது இதே கேள்வியைத்தான்.

முதலில் அமெரிக்க ஏற்பாட்டைப் பார்த்துவிடலாம். அங்கே ஒரு கட்சி அதிபர் வேட்பாளரை அறிவிப்பதற்கு முன் மாநிலம் மாநிலமாக முதற்கட்டத் தேர்தல் நடக்கும். அதைத்தான் ‘பிரைமரி’ என்கிறார்கள். சாதாரண வாக்காளர்கள் வரிசையில் நின்று, இந்தக் கட்சிக்கு இவர் வேட்பாளராக வரட்டும் என்று வாக்களிப்பார்கள். அந்த வாக்குகளின் கணக்குப்படி பிரதிநிதிகள் தேர்வாகி, கோடையில் நடக்கும் கட்சி மாநாட்டில் கூடி, வேட்பாளரை முறைப்படி அறிவிப்பார்கள். சிக்கல் இந்த இரண்டாம் படியில்தான். மாநாட்டுக்கு வந்த பிரதிநிதி மக்கள் சொன்னதை அப்படியே ஒப்பிக்கும் தபால்காரரா, அல்லது தன் புத்தியையும் பயன்படுத்தலாமா?

1968இல் ஜனநாயகக் கட்சி இந்தக் கேள்வியில் கையைச் சுட்டுக்கொண்டது. வியட்நாம் போரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தியும் ராபர்ட் கென்னடியும் பிரைமரிகளில் வாக்குகளை அள்ளினார்கள். ஜூன் மாதம் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் வேட்பாளரானவர், ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத துணை அதிபர் ஹூபர்ட் ஹம்ஃப்ரி. வெளியே தெருவில் இளைஞர்கள் மீது போலீஸ் தடியடி, உள்ளே பெருந்தலைகளின் முடிவு. நவம்பரில் நிக்சனிடம் ஹம்ஃப்ரி தோற்றார். அதன்பிறகுதான் விதிகள் மாறி, 1972 முதல் பிரைமரி வாக்குக்கு உண்மையான பலம் வந்தது.

பத்து வருடத்தில் கட்சிப் பெரியவர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தொண்டர்கள் உணர்ச்சிவசப்பட்டுத் தோற்கும் குதிரைகளைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள் என்று சொல்லி, எம்.பி.க்களும் ஆளுநர்களும் கட்சி நிர்வாகிகளும் யார் பக்கமும் கட்டுப்படாமல் வாக்களிக்கும் உரிமையை 1980களில் ஏற்படுத்திக்கொண்டார்கள். ‘சூப்பர் டெலிகேட்’ என்ற பெயர் இவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. 2016இல் பெர்னி சாண்டர்ஸ் ஆதரவாளர்களின் கோபம் முழுக்க இவர்கள் மீதுதான். 2018இல் கட்சியே இறங்கி வந்து, முதல் சுற்றில் இவர்களுக்கு வாக்கு இல்லை என்று விதியைத் திருத்தியது. அதே 2016இல் குடியரசுக் கட்சியில் கதை தலைகீழ். டிரம்ப் பிரைமரிகளை ஜெயித்துவிட்டார். மனசாட்சிப்படி வாக்களிக்கப் பிரதிநிதிகளை விடுங்கள் என்று ஒரு கோஷ்டி கிளீவ்லாந்து மாநாட்டில் மல்லுக்கட்டியது. நடக்கவில்லை.

2024இல் விநோதமான ஒரு திருப்பம். பிரைமரிகளில் ஒரு கோடியே நாற்பது லட்சம் வாக்குகள் பெற்ற ஜோ பைடன், ஜூலை 21ஆம் தேதி போட்டியிலிருந்து விலகினார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிரதிநிதிகள் இணையவழியில் வாக்களித்து கமலா ஹாரிஸை வேட்பாளராக்கினார்கள். அவர் தாத்தாவின் ஊரான திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் பூஜையும் பேனருமாகக் கொண்டாட்டம். ஆனால் அந்த வருடம் அதிபர் வேட்பாளராக வேண்டும் என்று கமலா எந்தப் பிரைமரியிலும் நிற்கவில்லை. பைடன் தானாக விலகியதால் இதை மீறல் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பிரதிநிதி என்ற ஒருவர் எதற்குத் தேவை என்பதற்கு இது நல்ல உதாரணம். வாக்களித்த பிறகு நிலைமை மாறினால், கோடிக்கணக்கானவர்களை மறுபடி வரிசையில் நிறுத்த முடியாது. கூடி முடிவெடுக்கச் சிலர் வேண்டும்.

இந்தியாவில் பிரைமரி நடந்ததே இல்லை என்று நினைத்தால் தவறு. 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன் ராகுல் காந்தியின் யோசனைப்படி பதினைந்து தொகுதிகளுக்கு மேல் காங்கிரஸ் இதைப் பரிசோதித்தது. பொதுமக்களுக்கு வாக்கு இல்லை. வட்டார நிர்வாகிகள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், மாணவர், இளைஞர் அணிப் பொறுப்பாளர்கள் ஆகியோருக்கு மட்டும். மங்களூரில் மூத்த தலைவர் ஜனார்த்தன் பூஜாரி, வீரப்ப மொய்லியின் மகன் ஹர்ஷா மொய்லியை உட்கட்சி வாக்கெடுப்பில் தோற்கடித்தார். தலைமையில் செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளை தோற்றது பெரிய செய்தியானது. பொதுத் தேர்தலில் பூஜாரி பா.ஜ.க.விடம் தோற்றார் என்பது வேறு கதை.

வடோதராவில் நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது. அங்கே பிரைமரியில் ஜெயித்தவர் நரேந்திர ராவத். அதே தொகுதியில் நரேந்திர மோடி நிற்கிறார் என்று பா.ஜ.க. அறிவித்ததும் காங்கிரஸ் தலைமைக்குக் கணக்கு மாறியது. பெரிய தலைவர் வேண்டும் என்று மதுசூதன் மிஸ்திரியைக் கொண்டுவந்தார்கள். ராவத் தாமே ஒதுங்கி வழிவிட்டதாக அறிவிப்பு. மிஸ்திரி 5,70,128 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். வாரணாசியை வைத்துக்கொண்டு வடோதராவை மோடி ராஜினாமா செய்ய, அதே ஆண்டு செப்டம்பரில் இடைத்தேர்தல் வந்தது. இப்போது காங்கிரஸ் சீட் யாருக்கு? ராவத்துக்கு! அவரும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். பரிசோதனை என்று அழைத்து ஓட்டுப் போடச் சொன்ன கட்சிக்காரர்களுக்கு இதில் கிடைத்த பாடம், உங்கள் வாக்கு எங்களுக்குச் சௌகரியப்படும் வரைக்கும்தான் என்பது.

இனி நம் ஊர் வழக்கு. தமிழ்நாட்டுக் கட்சிகளில் உறுப்பினர் உரிமையைக் காகிதத்தில் மிகக் கறாராக எழுதி வைத்தது எம்.ஜி.ஆர். தொடங்கிய அ.தி.மு.க.தான். பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் அனைவரும் வாக்களித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுக்குழுவுக்கு எந்த விதியையும் திருத்த அதிகாரம் உண்டு, இந்த ஒரு விதியைத் தவிர. இது கட்சியின் அடித்தளம் என்பதால் கை வைக்கக்கூடாது என்று 43ஆவது விதியே சொன்னது.

2016 டிசம்பர் 5இல் ஜெயலலிதா மறைந்தார். அந்த மாதக் கடைசியில் கூடிய பொதுக்குழு சசிகலாவைப் பொதுச் செயலாளராக நியமித்தது. உறுப்பினர் வாக்கெடுப்பு நடக்கவில்லை. 2017 செப்டம்பர் 12இல் கூடிய பொதுக்குழு அவரை நீக்கியது. ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச் செயலாளர் என்று அறிவித்து, அந்தப் பதவிக்குப் பதிலாக ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்று இரண்டு நாற்காலிகளைப் போட்டது. ஓ.பன்னீர்செல்வமும் எடப்பாடி பழனிசாமியும் அவற்றில் அமர்ந்தார்கள். 2021 டிசம்பரில் இந்த இரண்டு பதவிகளுக்கும் அடிப்படை உறுப்பினர்கள் ஒரே வாக்கில் சேர்த்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்று விதியைத் திருத்தினார்கள். தேர்தல் அறிவித்தார்கள். வேறு யாருடைய மனுவும் ஏற்கப்படாததால், இருவரும் போட்டியின்றித் தேர்வு. வாக்குச்சீட்டுக்கு வேலையே வரவில்லை.

ஆறு மாதம் போனது. ஒற்றைத் தலைமை வேண்டும் என்ற குரல் எழுந்தது. 2022 ஜூன் 23ஆம் தேதி வானகரம் மண்டபத்தில் பொதுக்குழு. ஏற்கெனவே தயாரித்த 23 தீர்மானங்களைத் தவிர வேறெதையும் நிறைவேற்றக்கூடாது என்று அன்று விடியற்காலை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. மேடையேறிய பழனிசாமி தரப்பின் சி.வி.சண்முகம் அந்த 23 தீர்மானங்களையும் பொதுக்குழு நிராகரிக்கிறது என்று முழங்க, மண்டபம் அதிர்ந்தது. பன்னீர்செல்வம் வெளியேறும்போது அவர் பக்கமாகத் தண்ணீர் பாட்டில் பறந்தது. ஜூலை 11இல் மீண்டும் கூடிய பொதுக்குழு இரட்டைத் தலைமையை ஒழித்து, பழனிசாமியை இடைக்காலப் பொதுச் செயலாளராக்கி, பன்னீர்செல்வத்தைக் கட்சியிலிருந்து நீக்கியது. அதே நேரம் ராயப்பேட்டை தலைமை அலுவலகத்தில் இரு தரப்பும் மோத, வருவாய்த் துறை வந்து கதவுக்கு சீல் வைத்தது.

நீதிமன்றத்தில் பன்னீர்செல்வம் தரப்பின் வாதம் சுருக்கமானது. ஒன்றரைக் கோடி உறுப்பினர்களால் தேர்வானவரை இரண்டாயிரத்துச் சொச்சம் பொதுக்குழு உறுப்பினர்கள் எப்படி இறக்க முடியும்? பழனிசாமி தரப்பின் பதிலும் லேசானதல்ல. பொதுக்குழு உறுப்பினர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்ல, அந்த ஒன்றரைக் கோடிப் பேரின் பிரதிநிதிகள்தான், அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு பக்கம் நிற்கிறார்கள் என்றால் அது கட்சியின் மனம்தானே?

தனி நீதிபதி ஜி.ஜெயச்சந்திரன் 2022 ஆகஸ்ட் 17இல் ஜூன் 23க்கு முந்தைய நிலையே தொடர வேண்டும் என்று தீர்ப்பளித்தார். பன்னீர்செல்வத்துக்கு மூச்சு வந்தது. செப்டம்பர் 2இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. 2023 பிப்ரவரி 23இல் உச்ச நீதிமன்றம், ஜூலை 11 பொதுக்குழு கூடியது செல்லும் என்று உறுதி செய்தது. ஆனால் அங்கே நிறைவேறிய தீர்மானங்களின் செல்லுபடியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், நிலுவையில் இருந்த உரிமையியல் வழக்குகளுக்கு விட்டது.

இதற்கு நடுவில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் வந்ததால் ஓர் அபூர்வக் காட்சி நடந்தது. இரட்டை இலைக்கு யார் கையெழுத்துப் போடுவது என்ற சிக்கலுக்கு, வேட்பாளரைப் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும், நீக்கப்பட்டவர்களும் அதில் கலந்துகொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் வழி சொன்னது. அவைத் தலைவர் தமிழ்மகன் உசேன் பொதுக்குழு உறுப்பினர்களுக்குக் கடிதமும் படிவமும் அனுப்பினார். பழனிசாமி தரப்பு வேட்பாளர் தென்னரசுவை ஏற்கிறீர்களா, இல்லையா என்று ஆளுக்கொரு படிவம். கையெழுத்தாகி வந்தவற்றில் 2,501 பேர் தென்னரசுவுக்கு ஆதரவு. எதிர்ப்பு ஒன்றும் இல்லை. கட்டுக்கட்டாக அவை டெல்லிக்குப் போய்த் தேர்தல் ஆணையத்திடம் சேர்ந்தன. ஒரு சட்டமன்றத் தொகுதியின் வேட்பாளருக்காகத் தருமபுரி உள்பட எல்லா மாவட்டத்துப் பொதுக்குழு உறுப்பினர்களும் எழுத்தில் வாக்களித்தது, நீதிமன்றம் நெருக்கியதால் நடந்தது. தேர்தலில் தென்னரசு 66,233 வாக்கு வித்தியாசத்தில் காங்கிரஸ் வேட்பாளர் ஈ.வெ.கி.ச.இளங்கோவனிடம் தோற்றார்.

2023 மார்ச்சில் பொதுச் செயலாளர் தேர்தல். அடிப்படை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதி திரும்பி வந்திருந்தது. கூடவே புதிதாக ஒரு வேலியும் வந்திருந்தது. போட்டியிட விரும்புபவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், இன்னும் பத்துப் பேர் வழிமொழிய வேண்டும். தலைமைக் கழக நிர்வாகியாக ஐந்து ஆண்டு இருந்திருக்க வேண்டும். எழுபதுக்கும் மேற்பட்ட மாவட்டச் செயலாளர்களில் இருபது பேரைப் பிடிக்க முடிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? தருமபுரியில் அந்தப் பொறுப்பில் இருந்தவர், 2001 முதல் 2021 வரை பாலக்கோட்டில் தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்த முன்னாள் அமைச்சர் கே.பி.அன்பழகன். பக்கத்துச் சேலத்துக்காரரான பழனிசாமியின் பக்கம் உறுதியாக நின்றவர். பழனிசாமி ஒருவர் மட்டுமே மனு தாக்கல் செய்தார். மார்ச் 28இல் போட்டியின்றித் தேர்வு.

ஆக, ஒன்றரைக் கோடி உறுப்பினர்களின் பெயரால் நடந்த இந்த நீண்ட வழக்கில் அந்த ஒன்றரைக் கோடிப் பேரில் ஒருவரும், 2021 டிசம்பரிலும் சரி, 2023 மார்ச்சிலும் சரி, வாக்குச்சீட்டைக் கையில் வாங்கவில்லை. அமெரிக்கர்கள் வாக்கு எண்ணிய பிறகு அதை மீறலாமா என்று சண்டை போடுகிறார்கள். நம் ஊரில் எண்ணுவதற்கு வாக்கே விழாமல் பார்த்துக்கொள்கிறோம்.

இது அ.தி.மு.க.வின் தனிக்குறை அல்ல. 2025 ஆகஸ்ட் 9இல் மாமல்லபுரத்தில் அன்புமணி தரப்பு பா.ம.க. பொதுக்குழுவைக் கூட்டி அவர் தலைவர் பதவியை ஓராண்டு நீட்டித்தது. எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17இல், பட்டானூரில் அவர் தந்தை மருத்துவர் ராமதாஸ் தம் பொதுக்குழுவைக் கூட்டினார். ஒரு கட்சிக்கு இரண்டு பொதுக்குழு. எது அசல் என்று பென்னாகரத்துப் பா.ம.க. கிளை உறுப்பினரிடம் வாக்கெடுப்பு நடத்திக் கேட்டால் ஒரே நாளில் தெரிந்துவிடும். தி.மு.க.வில் விருப்ப மனு, நேர்காணல் என்று ஒரு முறை உண்டு. 2024 மக்களவைத் தேர்தலில் விண்ணப்பக் கட்டணம் மட்டும் 50,000 ரூபாய். மாவட்டச் செயலாளரும் ஒன்றியச் செயலாளரும் சூழ நிற்க, தலைமைக்கு முன்னால் சில நிமிடங்கள். ‘எவ்வளவு செலவு செய்வீர்கள்?’ என்பது எல்லாக் கட்சி நேர்காணலிலும் எதிர்பார்த்துப் போக வேண்டிய கேள்வி. கிளைக்கு அங்கேயும் வாக்கு கிடையாது.

தலைமையின் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். அது வெறும் சாக்குப்போக்கு அல்ல.

முதலாவது, கூட்டணி. தருமபுரி மக்களவைத் தொகுதியில் பா.ம.க. 1998இல் அ.தி.மு.க. அணியிலும், 1999இல் தி.மு.க.-பா.ஜ.க. அணியிலும், 2004இல் தி.மு.க.-காங்கிரஸ் அணியிலும் நின்று வென்றது. 2014இல் பா.ஜ.க. அணி. தொகுதி யாருக்கு என்பதே வேட்புமனு தொடங்கும் வாரம் வரை முடிவாகாத இடத்தில், எந்தக் கட்சி உறுப்பினரிடம் யாரைப் பற்றி முன்கூட்டியே வாக்கெடுப்பது? இரண்டாவது, உறுப்பினர் பட்டியல். ஒரே ஆள் ஆயிரம் பேருக்குச் சந்தா கட்டி அட்டை வாங்கி வைத்துக்கொண்டால், உட்கட்சி வாக்கெடுப்பு பணக்காரருக்குச் சாதகமாகப் போகும். மூன்றாவது, சாதிக் கணக்கு. கிளை வாரியாக எண்ணினால் தொகுதியில் அதிகம் உள்ள சாதிக்காரரே எப்போதும் ஜெயிப்பார், சிறு சமூகத்தவரும் பெண்களும் மேலிருந்து கை கொடுத்தால்தான் பட்டியலில் வருவார்கள் என்பார்கள் கட்சிக்காரர்கள். நான்காவது, தோற்றால் பழி ஏற்பது தலைமை.

இந்த வாதங்களில் பாதி உண்மை இருக்கிறது. பிரிட்டனில் 2022இல் கன்சர்வேட்டிவ் எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் முதலிடம் ரிஷி சுனக்கிற்கு. கட்சி உறுப்பினர்கள் 81,326 வாக்குகள் கொடுத்துத் தேர்ந்தெடுத்தது லிஸ் டிரஸ்ஸை. ஐம்பது நாள் நிரம்புமுன் பொருளாதாரம் ஆட்டம் கண்டு அவர் பதவி இழந்தார். அடுத்த முறை 100 எம்.பி.க்கள் ஆதரவு இருந்தால்தான் போட்டி என்று வரம்பு வைத்தார்கள். உறுப்பினரிடம் கேட்காமலே சுனக் பிரதமரானார். தினம் சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு ஓர் ஆளைப் பற்றித் தெரிவது, மேடையில் பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.

ஆனால் தலைமைக்குத்தான் எப்போதும் நன்றாகத் தெரியும் என்பதற்கும் சரித்திரத்தில் சாட்சி இல்லை. 1939 ஜனவரியில் காங்கிரஸ் பிரதிநிதிகள் 1,580 வாக்குகள் அளித்து சுபாஷ் சந்திர போஸைத் தலைவராக்கினார்கள். காந்தியின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமையாவுக்கு 1,377. திரிபுரி மாநாட்டில், காந்தியின் விருப்பப்படிதான் காரியக் கமிட்டி அமைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றி, ஜெயித்தவரின் கையைக் கட்டினார்கள். ஏப்ரலில் போஸ் ராஜினாமா செய்தார். கட்சி ஒரு பெரும் தலைவரை இழந்தது. இதற்கு நேர்மாறாக 1954இல் ராஜாஜி விலகியதும் சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸில் நேர்மையாக வாக்கெடுத்தார்கள். காமராஜருக்கு 93, சி.சுப்பிரமணியத்துக்கு 41. முடிவை யாரும் திருப்பவில்லை. தோற்ற சுப்பிரமணியத்தையே காமராஜர் அமைச்சராக்கிக்கொண்டார். எண்ணிக்கை வெளியே தெரிந்த அந்தப் போட்டியால் கட்சி உடையவில்லை.

சாதிக் கணக்கு பற்றிய வாதத்துக்குத் தருமபுரியிலேயே பதில் இருக்கிறது. 2010 மார்ச்சில் பென்னாகரம் இடைத்தேர்தல். மறைந்த சட்டமன்ற உறுப்பினர் பெரியண்ணனின் மகன் இன்பசேகரனை தி.மு.க. நிறுத்தியது. அன்றைய பா.ம.க. தலைவர் ஜி.கே.மணியின் மகன் தமிழ்க்குமரனை பா.ம.க. நிறுத்தியது. இன்பசேகரன் வென்றார், தமிழ்க்குமரன் இரண்டாமிடம். மேலிருந்து தேர்ந்தெடுத்தால் புதியவர்களுக்குக் கதவு திறக்கும் என்று சொல்பவர்கள், அந்தப் பட்டியலில் முதல் இரண்டு பெயர்களை விளக்க வேண்டியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு கட்சிகளைப் பதிவு செய்யச் சொல்கிறது, ஜனநாயகத்துக்கு விசுவாசமாக இருப்போம் என்று எழுதி வாங்குகிறது. வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு வரிகூடக் கிடையாது. தேர்தல் அதிகாரிக்கு வேண்டியது இரண்டு காகிதம்: கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் யார் என்று சொல்லும் ‘ஏ’ படிவம், சின்னம் யாருக்கு என்று சொல்லும் ‘பி’ படிவம். மனு தாக்கலின் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் ‘பி’ படிவம் வந்துசேர வேண்டும். அதுவரை முந்தைய படிவத்தை ரத்து செய்து வேறு பெயரில் புதிய படிவம் கொடுக்கவும் வழி உண்டு. தருமபுரி கலெக்டர் அலுவலகத்துக்குள் காரில் ஏறி வரும் அந்த ஒற்றைத் தாள், எத்தனை கிளைகளின் விருப்பத்தையும் செல்லாததாக்கிவிடும். 2022 ஜூலை உள்ளாட்சி இடைத்தேர்தல்களில் பன்னீர்செல்வமும் பழனிசாமியும் சேர்ந்து கையெழுத்திடாததால், அ.தி.மு.க.வினர் இரட்டை இலை இல்லாமல் சுயேச்சைச் சின்னங்களில் நின்றார்கள். தொண்டர் ஆதரவு எவ்வளவு இருந்தும் அந்தத் தாள் இல்லாமல் ஒன்றும் நடக்கவில்லை.

ஜெர்மனியில் இதை அரசியல் சாசனத்திலேயே எழுதியிருக்கிறார்கள். கட்சியின் உள் அமைப்பு ஜனநாயக முறைப்படி இருக்க வேண்டும். தேர்தல் சட்டப்படி, தொகுதி வேட்பாளரை அந்தத் தொகுதி உறுப்பினர்களோ அவர்களால் தேர்வான பிரதிநிதிகளோ ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தால்தான் மனுவே செல்லும். தலைமைக்குப் பிடிக்கவில்லையா? மாநிலத் தலைமை ஒருமுறை ஆட்சேபிக்கலாம். உடனே மறு வாக்கெடுப்பு. அதில் வரும் முடிவே கடைசி முடிவு. தலைமையின் அனுபவத்துக்கும் மதிப்பு இருக்கிறது, உறுப்பினரின் வாக்குக்கும் மதிப்பு இருக்கிறது. மறுபரிசீலனை செய்யச் சொல்லும் உரிமை மேலே, முடிவு செய்யும் உரிமை கீழே.

இந்த ஏற்பாட்டைத் தமிழ்நாட்டுக்குப் பொருத்துவது நடவாத காரியம் அல்ல. பஞ்சாபில் 2022 ஜனவரியில் முதல்வர் வேட்பாளர் யார் என்று ஆம் ஆத்மி கட்சி தொலைபேசியில் கேட்டபோது 21 லட்சத்துக்கு மேற்பட்டோர் பதில் சொன்னதாகவும், 93 சதவீதம் பேர் பகவந்த் மானைக் கைகாட்டியதாகவும் கட்சி அறிவித்தது. வெளியார் யாரும் எண்ணிச் சரிபார்க்காத கணக்கு என்பது அதன் குறை. ஆனால் ஒரு செல்போன் எண்ணுக்கு ஒரு வாக்கு என்று கேட்பதற்கு மாதக்கணக்கு தேவையில்லை என்பதாவது தெரிந்தது. ஆதார், ரேஷன் கார்டு, பூத் கமிட்டி என்று வீடு வீடாக வாக்காளர் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கும் திராவிடக் கட்சிகளுக்கும் பா.ம.க.வுக்கும், தம் சொந்த உறுப்பினரை எண்ணத் தெரியாது என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை.

கூட்டணித் தகராறுக்கும் வழி உண்டு. கட்சி பலமாக உள்ள தொகுதிகளில் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்தி ஒரு வரிசைப் பட்டியலை வைத்துக்கொள்ளலாம். தொகுதி தோழமைக் கட்சிக்குப் போனால் அந்தப் பட்டியல் காலாவதி. போகவில்லை என்றால் முதலில் உள்ளவருக்கே சீட். தலைமைக்கு ஆட்சேபம் இருந்தால் காரணத்தை எழுத்தில் சொல்லி, ஒரு மறு வாக்கெடுப்புக்குக் கேட்கலாம். குற்ற வழக்கோ, பட்டியலில் போலி உறுப்பினரோ, வேட்பாளரின் உடல்நிலையோ, காரணம் எதுவானாலும் அது தொகுதிக்குத் தெரிய வேண்டும். வாக்கு எண்ணிக்கையை மறைக்காமல் வெளியிட வேண்டும். ‘ஒருமனதாக’ என்ற சொல்லை மட்டும் கொஞ்ச காலத்துக்கு ஒதுக்கி வைத்தால் நல்லது.

பிரதிநிதிகள் உறுப்பினர் முடிவை மீறலாமா என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: வாக்களித்த பிறகு நிலைமை மாறியிருந்தால், காரணத்தைச் சொல்லி, மறுபடி அவர்களிடமே போகலாம். அவர்களிடம் போகாமலே அவர்கள் பெயரால் முடிவெடுக்கும் உரிமை எந்தப் பொதுக்குழுவுக்கும் இருக்கக்கூடாது. தருமபுரியில் எந்தக் கட்சியின் அட்டையை வைத்திருந்தாலும், அடுத்த முறை உறுப்பினர் புதுப்பிப்புக்கு ஒன்றியச் செயலாளர் வீட்டு வாசலுக்கு வரும்போது, சந்தாவைக் கொடுக்குமுன் இதை ஒரு வார்த்தை கேளுங்கள்: இந்த அட்டைக்கு வேட்பாளர் தேர்வில் வாக்கு உண்டா? உட்கட்சித் தேர்தல்களை ரகசிய வாக்கெடுப்பாக நடத்தக் கட்சிகளைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் தன் 170ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது 1999இல். அந்தப் பரிந்துரை இன்னும் சட்டமாகவில்லை.